பொறியில் கட்டியிருந்த குருத்தோலை

மீன்வளத் துறையின் ரோந்துப் படகில் வேலை என்று சொன்னால், எனக்குத் தினமும் ஓசியில் மீன் கிடைக்கும் என்று உறவுக்காரர்கள் நினைக்கிறார்கள். கிடைப்பது வெயிலும் ஏச்சும்தான். பாகான் டாலாமில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரரும் கடலுக்குப் போகிறவர். அதனால் ஏச்சு வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும்.

அத்தானுக்கு ஒரு பழக்கம் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையை அக்கா சிலுவையாகப் பின்னுவாள், நடுவில் சின்னதாக ஒரு நட்சத்திரம் வைத்து. அந்தப் பின்னல் எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும் வராது. அத்தான் அதைப் படகு முனை, என்ஜின், வலை, மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றிலும் கட்டுவார். விட்டால் என் தலையிலும் கட்டிவிடுவார்.

அன்று காலை கரையோரத்தில் ஒரு புபு நாகாவை இழுத்தோம். பாம்பு மாதிரி நீளமாகக் கிடக்கும் வலைப்பொறி அது. உள்ளே போன எதுவும் வெளியே வராது, குஞ்சைக்கூட விடாது என்பதால்தான் தடை செய்திருக்கிறார்கள். விரல் நீள மீன்களும் முட்டை சுமந்த நண்டுகளும் உள்ளே துடித்துக்கொண்டிருந்தன. பொறியின் வாய்ப்பக்கத்தில், நனைந்து கறுத்துப்போய், அந்த நட்சத்திரச் சிலுவை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. திருட்டுப் பொறிக்கு ஆசீர்வாதம் வேறா! இந்தப் பொறி வேண்டாம் என்று அத்தானிடம் எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன்.

சொந்தக்காரன் தெரியாத பொறி என்றால் பறிமுதலோடு கதை முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் அதிகாரி பக்கத்துப் படகுத்துறை மலாய்க்காரப் பெரியவரைச் சந்தேகப்பட்டார். பெரியவர் முன்பே ஒரு முறை பிடிபட்டவர். இந்தத் தடவை அவருடைய லைசென்ஸைப் பறித்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி, படகை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.

பேசினால் அக்கா குடும்பம் போச்சு, பேசாவிட்டால் பாவம் அந்த மனுஷன். படகுக்குள் எங்கே ஓடி ஒளிவது? "இது என் அக்கா வீட்டுக்காரருடையது" என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். விசாரணைக்கு வரச்சொல்லி எங்கள் ஆபீசிலிருந்து அதற்குள் அத்தானைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான் தம்பி. லைசென்ஸ் போச்சுன்னா நாங்க எங்க போறது? நீ அங்கதானே இருக்க, கொஞ்சம் பேசிப் பாருலா."

"நான்தான்க்கா சொன்னேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் வாசலை மறித்து நின்றுகொண்டு பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்க வாங்க. தம்பி உங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம்."

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"வந்துட்டியா தம்பி! கூப்பிட்டதிலேருந்து எனக்கு உசிரே இல்ல. நீ இருக்கிற தைரியத்துலதான் நிக்கிறேன்."