ஸ்பிரிங் அக்கா

யார் வீட்டுக்குப் போனாலும் ஸ்பிரிங் அக்கா சோபாவில் நேராக உட்காரமாட்டார். முதலில் ஒரு முழங்காலை வைத்து அமுக்குவார். அது எழும்புவதைத் தலை சாய்த்துப் பார்ப்பார். "செத்துப்போச்சு இது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் புது சோபாவுக்கும் அதே கதிதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக்காரர், என்ன செய்ய?

ரயில் பெட்டிப் பணிமனையில் ஃபிட்டர் அவர். பெட்டிக்கு அடியில், சக்கரத்தை ஒட்டி இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும் அவர் பொறுப்பு. இப்போது அங்கே புது மாதிரி ஒன்றைப் பொருத்திச் சோதிக்கிறார்கள். "பழசு ரொம்ப விறைப்பு. வளைவுல சக்கரம் திரும்பாம தண்டவாளத்தை உரசித் தின்னுடும். இது கொஞ்சம் விட்டுக்குடுக்கும்" என்று என் தட்டையே பெட்டியாக்கி மேஜையில் ஓட்டிக் காட்டினார். தண்டவாளம் தேயாவிட்டால் அடிக்கடி மாற்ற வேண்டாம், செலவு மிச்சம். "ஏறி உட்கார்ந்தவங்க ஒரு வித்தியாசமும் தெரியலங்கறாங்க. அவங்களுக்கா பண்ணோம்?" என்று சிரித்தார்.

சிரிப்பு அதோடு சரி. அவர் கணவர், சோதனை வண்டி ஓடும் வளைவில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்கின் மேஸ்திரி. சோதனை ஜெயித்தால் கேங்கைப் பாதியாக்கி, அவரை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிடுவார்களாம். மகளோ அப்பா வராமல் தட்டில் கை வைக்காதவள்.

"எப்படிக்கா போகுது?" என்றால், "நல்லாப் போகுது" என்பார். உடனே, "நல்லாப் போகக்கூடாதே" என்பார். "கெட்டுப்போனா என் கைவேலைதானே கெட்டுப்போகுது?" என்று என்னிடமே கேட்பார். போன வாரம் ஏதோ நினைப்பில் கணவரை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பாவமாக இருந்தது எனக்கு.

நேற்று மாலை நான் அங்கே இருந்தபோது மேஸ்திரி வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் இரண்டு பொட்டலங்களை மேஜையில் பிரித்தார். வளைவில் சக்கரம் உரசி உதிர்ந்த இரும்புப்பொடி. பழைய வண்டி ஓடும் லைனில் ஒரு கை நிறைய. புது வண்டி ஓடும் லைனில் ஒரு சிட்டிகை.

"ஜெயிச்சிட்டடி!" மனுஷனுக்கு முகமெல்லாம் பல். மாற்றல் யாருக்கு என்பதையே மறந்துவிட்டாரா, எனக்குப் புரியவில்லை.

"சரியாத் தேடினீங்களா?" என்றார் அக்கா.

"முட்டி போட்டுத் தேடினேன். அவ்வளவுதான் இருக்கு."

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரிய குவியலிலிருந்து கொஞ்சத்தை விரலால் ஒதுக்கி, சின்னதோடு சேர்த்தார்.