நம்ம ஐயர்

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா. இதில் மற்றவர்களுக்குக் குழப்பம் வரும் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. தெருவுக்கொரு கோயிலும் கோயிலுக்கொரு ஐயரும் உள்ள காஞ்சிபுரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே எங்கள் வீடு. அந்தத் தெருவில் வேறு கிறிஸ்தவர்கள் கிடையாது. அம்மா எல்லா வீட்டாரிடமும் பிரியமாக இருப்பாள். ஆனால் சாமி விஷயத்தில் மட்டும் கறார். ஆடி மாதத்தில் யாராவது கோயில் கூழைச் சொம்பில் கொண்டுவந்தால், சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, எங்கள் கண்ணில் காட்டாமல் பின்சந்துப் பசுவுக்கு ஊற்றிவிடுவாள். அந்தப் பசு எங்கள் புண்ணியத்தில் நன்றாகவே கொழுத்தது.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது அக்காவுக்கு டைபாய்டு வந்தது. அப்பா தமக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்தார். அம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணினாள். புழக்கடை வாழை அப்போதுதான் முதல் தார் தள்ளியிருந்தது. பிள்ளை பிழைத்து எழுந்தால், அந்தத் தாரில் ஒரு பழம்கூட வீட்டுக்கென்று எடுக்காமல், ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாகப் படைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

அக்கா பிழைத்து எழுந்தாள். தாரும் முற்றியது. வெட்டிக் கூடத்து மூலையில் தொங்கவிட்டபோது வீடு முழுக்கப் பழவாசனை. நான் அந்த மூலைக்குப் போகாமல் இருந்ததற்குப் பக்தி காரணமல்ல, பயம். பொருத்தனையைச் செலுத்தாவிட்டால் விட்ட காய்ச்சல் திரும்ப வந்துவிடும் என்று, ஞாயிறு பள்ளியில் கேட்டதையும் கேட்காததையும் சேர்த்து நானே முடிவு செய்திருந்தேன்.

பண்டிகைக்கு முந்தைய நாளே காணிக்கைப் பொருள்களை ஐயர் வீட்டில் சேர்த்துவிடுவது வழக்கம். அப்பாவுக்கு அன்று டியூட்டி. இன்னும் முழுதாகத் தேறாத அக்காவை விட்டு அம்மாவால் நகர முடியவில்லை. சீப்புகளை அரிந்து மூங்கில் கூடையில் அடுக்கி, வெள்ளைத்துணி போர்த்தி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எதிர்வீட்டு மாமா, நெய்து முடித்த சேலையை முதலாளி கடையில் கொடுத்துவரச் சைக்கிளை எடுத்தார். போகிற வழியில் ஐயர் வீட்டில் கொடுத்துவிட முடியுமா என்று அம்மா கேட்டாள்.

"எந்த ஐயரும்மா?" என்றார் மாமா.

"நம்ம ஐயர்தாண்ணா" என்றாள் அம்மா.

மாமாவுக்கும் ஒரு "நம்ம ஐயர்" இருந்தார். அவர்கள் வீட்டுக் கல்யாணம் கருமாதி எல்லாவற்றையும் நடத்திவைக்கும் புரோகிதர். மஞ்சள்காமாலை வந்து வெகுநாளாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வருமானம் நின்று போயிருந்தது. மாமா ஒரு நிமிஷம் அம்மாவையே பார்த்துவிட்டு, கூடையை மரியாதையோடு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

மதியம் திரும்பி வந்தார். கூடையை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று, புரோகிதர் வீட்டம்மா தன் புழக்கடையில் பூத்த நந்தியாவட்டை அத்தனையையும் பறித்து நிரப்பியிருந்தார். அந்த வீட்டில் கொடுப்பதற்கு வேறொன்றும் இருந்திருக்காது.

"பசங்க நாலும் வெறுங்கஞ்சி குடிச்சிக்கினு இருந்துதுங்கம்மா. பழத்தப் பாத்ததும் அந்தம்மா அழுதுட்டாங்க. எங்களுக்கே தோணல. உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அக்காவின் உயிருக்காக நேர்ந்த தார் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் மிச்சத்தை வாங்கி வந்திருப்பார். அந்த வீட்டம்மாவும் அவமானத்தோடு எடுத்துக் கொடுத்திருப்பார். அம்மா கூடையை வாங்கிக்கொண்டாள்.

"கர்த்தருக்குத் தெரிஞ்சிருக்குதுண்ணா" என்றாள்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூழைப் பசுவுக்கு ஊற்றுகிறவள் புரோகிதர் வீட்டுக்குப் படியளந்துவிட்டாளே என்று கேலி செய்தார். அம்மா காதில் வாங்கவில்லை. பூக்களின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எங்கள் சபைக் கோயிலில் பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய், நெல்மூட்டை, கால் கட்டிய கோழிகள் எல்லாம் குவிந்து கிடந்தன. அவரவர் எழுந்து எதற்காகக் காணிக்கை என்று சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். எங்கள் முறை வந்தது. நாலு பேர் நடுவில் வாய் திறந்தே பழக்கமில்லாத அம்மா, நந்தியாவட்டைக் கூடையைப் பீடத்தின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயர் வீட்டுப் பிள்ளைங்க பசியாறினதுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

சபை மொத்தமும் திரும்பி முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஐயரம்மாவைப் பார்த்தது. ஐயரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு "ஆமென்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுவதும் அரிசியும் பருப்பும் முட்டையும் போதகர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன.

எனக்குத் தாங்கவில்லை. பண்டிகை முடிந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே, அது அந்த ஐயர் என்று எல்லோருக்கும் சொல்லிவிடலாமே என்று கேட்டேன்.

"எந்த ஐயருன்னு கர்த்தரே கேக்கல. நீ எதுக்குக் கேக்கற?" என்றாள் அம்மா.

பல வருஷம் கழித்து, அக்காவின் கல்யாணத்தில் ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அரிசிக்குத் தட்டுப்பாடாக இருந்த அந்த நாளில், வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் ஐயர் அளந்து போட்டுவிடுவாராம். பண்டிகை வாரத்தில் அவர்கள் வீட்டுப் பானையிலும் ஒன்றுமில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உங்கம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கும் புரியலம்மா" என்றார். அம்மாவுக்கும் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்படி ஒருத்தி வயிற்றில் பிறந்தோமே என்று பெருமையாக இருந்தது.

ஆனால் பண்டிகையன்று எனக்கு அம்மாவின் மேல் கோபம்தான். அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்றவள் அக்காவின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பொருத்தனை பாழாய்ப் போனது, காய்ச்சல் வரப்போகிறது என்று பொழுது சாயும்வரை அக்காவின் பின்னாலேயே அலைந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அது குளிர்ந்தே இருந்தது. ஒரு தாரை அம்மா இரண்டு வீட்டில் செலுத்திவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.