மீட்டர் எண் 988027

குடிநீர் மீட்டர் படிக்கும் வேலையில் முப்பத்தோரு வருடம் ஓட்டியவர் அவர். எந்த வீட்டுக்குப் போனாலும் ஓடிய அளவைக் குறித்துவிட்டு, மீட்டரில் பொறித்திருக்கும் ஆறிலக்க எண்ணை மூன்றால், ஏழால், பதினொன்றால் என்று மனசுக்குள் வகுத்தபடியே அடுத்த வாசலுக்கு நடப்பார். முக்கால்வாசி எண்கள் தெருமுனைக்குள் உடைந்துவிடும். எதற்கும் மசியாத எண், அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண், அகப்பட்டுவிட்டால் அன்றைக்கு மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. மனைவி முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு எதிரே நின்றாலும் கண்ணில் படாது.

வீடு வாங்கியதும் இந்தக் கிறுக்கில்தான். இரண்டு வீடு பார்த்தார்கள். மனைவிக்குப் பிடித்தது நல்ல வெளிச்சமுள்ள முதல் வீடு. இவரோ இரண்டாவது வீட்டு மீட்டரில் 988027-ஐப் பார்த்துச் சொக்கிப்போனார். இரண்டு நாள் உட்கார்ந்து வகுத்துப் பார்த்துவிட்டு, "இது பகா எண்மா. யாராலயும் பிரிக்க முடியாது, நம்மள மாதிரி" என்றார். புதிதாகக் கல்யாணமானவள், அந்தக் கடைசி வார்த்தைக்காகத் தலையாட்டித் தொலைத்தாள். அதன் பலனாக இருபத்தாறு வருடமாய், மழை வந்தால் படுக்கையறையில் மூன்று வாளி வைக்கிறாள்.

போன வாரம் பழைய மீட்டர்களை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. தன் வீட்டு மீட்டரை வழியனுப்பும் மரியாதைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் காகிதமும் பேனாவுமாக இன்னொரு தடவை வகுக்க உட்கார்ந்தார். எண்ணின் வர்க்கமூலம் 994-க்கு ஒரு துளி குறைவு. அதற்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்; மொத்தம் நூற்று அறுபத்தேழு. 977-க்கு மீதி வந்தது. 983-க்கும் வந்தது. கடைசி எண் 991. மீதி பூஜ்யம்.

வீடு வாங்கிய சமயம் வீட்டுத் தரகர் வாசலில் ஹாரன் அடித்து அவசரப்படுத்த, 983-ஓடு வகுப்பதை நிறுத்திவிட்டு எழுந்து ஓடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பொய்க் கணக்கைக் காட்டி ஒருத்தியை ஒழுகும் வீட்டில் குடிவைத்தாயிற்றே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மனைவி ஏணியில் நின்று கூரை விரிசலில் தார் பூசிக்கொண்டிருந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏம்மா... நம்ம மீட்டர் நம்பர் பகா எண் இல்லயாம்."

"இல்லயாமா? யாரு சொன்னா?"

"நான்தான். 991-ஆல வகுபடுது."

பிரஷ் நின்றது. "அப்ப இத்தனை வருஷம் நான் வாளி தூக்குனது?"

அவர் ஒரு கையால் கணக்குக் காகிதத்தை மேலே நீட்டினார்.

"வகுத்தா என்ன வருது?"

"997."

"அது உடையுமா?"

"உடையாது. 991-உம் உடையாது. ரெண்டுமே பகா எண்ணுதான்."

அவள் மெதுவாக இறங்கி வந்து, பிரஷ்ஷை அவர் கையில் திணித்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். நாம ஒண்ணுன்னு நீங்க சொன்னத நான் ஒரு நாளும் நம்பல. மசியாதது ரெண்டு சேந்துல்ல இந்த வீட்டுல குடும்பம் நடத்துது!" என்றாள். "பெரிய நம்பர் என்னுது. ஏறுங்க மேல."