மணல் கரையில் ஒளித்த குச்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். பெற்றவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதை நாலு பேர் படிக்க எழுதுவது சரியா என்ற தயக்கம்தான். போன ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வரும் வழியில் அம்மாவிடமே கேட்டேன். “நான் இன்னா திருடவா செஞ்சேன்? எழுதுடி” என்றாள். அம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஜீவனஹள்ளியில் குடியிருந்தோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. எனக்குப் பலப்பம் பிடிக்க வராது. சிலேட்டை எடுத்தாலே கை விறைத்துக்கொள்ளும், அழுகை முட்டும். தசரா லீவு முடிந்தும் எழுதாவிட்டால் கீழே இறக்கி பேபி கிளாசில் உட்கார வைப்பதாக மிஸ் சொல்லிவிட்டார். “இனிமே நீ என்ன அக்கான்னு கூப்புடணும்” என்று பக்கத்து வீட்டுத் தோழி பழித்தாள்.

அம்மா திட்டவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் வீட்டு வேலை முடித்து வந்ததும், வீடு கட்ட மணல் கொட்டியிருந்த பக்கத்து மனைக்கு என்னைக் கூட்டிப் போவாள். எதிரெதிரே உட்கார்ந்து கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடுவோம். மணலை நீளமாய்க் கரை கட்டி, ஒருத்தி அதற்குள் துண்டுக் குச்சியை ஒளிக்க, மற்றவள் கண்டுபிடிக்கிற ஆட்டம். அம்மா மட்டும் கரையை நேராகக் கட்டமாட்டாள். என் பாடப் புத்தகத்தை மடியில் விரித்து, அதிலுள்ள எழுத்தைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி வளைப்பாள். தொடங்கும் இடத்தில் ஒரு புளியங்கொட்டை வைப்பாள்.

“கொட்டையிலேர்ந்து வா. வெரலத் தூக்குனா ஆட்டம் போச்சு.”

குச்சி ஆசையில் விரலை ஓட்டி ஓட்டி, பிறகு சிலேட்டில் பலப்பமும் அப்படியே ஓடிற்று. எதிரே இருந்து பார்த்து, “அய்யோ, புக்குல இருக்கற மாரியே!” என்று அம்மா பூரித்துப்போவாள்.

பள்ளி திறந்த அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, விபூதி பூசி அனுப்பினாள். மிஸ் கேட்ட ப, ட, ம மூன்றையும் எழுதிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. மிஸ் சிலேட்டைத் தலைகீழாகத் திருப்பினார். எல்லாம் அச்சு மாதிரி நின்றன.

“யாருடி சொல்லிக்குடுத்தா?”

“அம்மா. மணல்ல.”

“எதிர்ல உக்காந்தாங்களா?”

தலையாட்டினேன். மிஸ் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் கேட்டருகே அம்மாவைத் தனியே கூப்பிட்டார். படித்திருக்கிறீர்களா என்று கேட்கவே இல்லை. “பொண்ண நான் எறக்கமாட்டேம்மா. இனிமே எதிர்ல வேணாம், பக்கத்துல உக்காருங்க. அவ்ளோதான்.” அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் திட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கரை கட்டி, குச்சியை ஒளித்து, புளியங்கொட்டையிலிருந்து தன் விரலையே ஓட்டிப் போனாள். எனக்குக் கோபம் வந்தது.

“நீயே ஒளிச்சு நீயே தேடுனா எப்புடி?”

“இருடி. ஒரு ஆட்டம் எனக்கும்.”

குச்சியைத் தாண்டியும் அவள் விரல் நிற்கவில்லை. கடைசி வரை போய், மறுபடி கொட்டையிலிருந்து தொடங்கிற்று. ஆடத் தெரியாத அம்மா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதை யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். அம்மாவைப் படித்தவளாக்கிவிட வேண்டாம். என் சிலேட்டையும் நேராக்கிவிட வேண்டாம்.