சேவியர் காட்டிய இரண்டு விரல்

இடைவேளையில் சேவியரை ஜெர்சியைக் கழற்றச் சொன்னேன். நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அது. இன்றைக்குக் கோச் ஆகியிருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லின் ஃபுட்பால் டீமுக்கு நான் கோச். அதற்கு முன் அதே டீமில் மிட்ஃபீல்டர். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஜெர்சி. டிவியில் உலகக் கோப்பை பார்த்த ஆட்கள் என்னை ‘அர்ஜென்டினா’ என்றே கூப்பிடுவார்கள். பந்து ஆடுவதற்காகவே மில்லில் வேலைக்கு எடுத்த ஆள் என்பதால் டைம் ஆபீசில் நாற்காலி வேலை. மெஷின் பக்கம் போனதே இல்லை.

நடுவில் ஆடுகிறவனுக்கு முதுகிலும் கண் வேண்டும். ஆட்டத்தை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யாரையும் நம்பமாட்டேன்.

சேவியர் அதே மில்லில், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் பிரிவில் டெம்பரவரி. டீமில் மிட்ஃபீல்டர். செமி ஃபைனல் முடிந்து நான் கொடுக்கும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் அவனுக்குப் பர்மனென்ட் ஆர்டர். முந்தின வாரம் எதிர் டீம் மேனேஜரோடு காந்திபுரத்தில் அவன் டீ குடித்ததைப் பார்த்திருந்தேன்.

செமி ஃபைனலில் அவன் அடிக்கடி இடது பக்கம் திரும்பி, கையைத் தூக்கி இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினான். அங்கே எதிர் டீம் விங்கர் நின்றான். இடைவேளையில் அவனைக் கூப்பிட்டேன்.

“யாருக்குடா சைகை காட்டுற?”

“நம்ம லெஃப்ட் பேக் பழனிச்சாமிக்குங்க கோச்சு.”

“ஏன், வாய்க்கு என்ன வந்துச்சு? டீ வாங்கிக் குடுத்தவனுக்குக் காட்டுறயா?”

“அவரு எங்க சர்ச்சு ஆளுங்க. ஒரு டீ குடிச்சா ஆட்டத்த வித்துப்போட்டேன்னு ஆயிருமுங்களா?”

ஜெர்சியைக் கழற்றச் சொல்லி உட்கார வைத்தேன். அடுத்த பாதியில் இடது பக்கமாகவே கோல் வாங்கித் தோற்றோம். எனக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. ஆட்டத்தை விற்றவன் என்று ரிப்போர்ட் எழுதினேன். அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு வேலையாக ரிங் ஃப்ரேமுக்குள் முதல் தடவையாகப் போனேன். மெஷின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அங்கே வேலையில் இருந்த பழனிச்சாமி கையைத் தூக்கி இரண்டு விரலைப் பிரித்தான். அந்தக் கோடியில் நின்ற பெண் ஓடிப்போய் நூலை இணைத்தாள். அவனை வெளியே இழுத்துவந்து கேட்டேன்.

“நூல் அறுந்து கெடக்குது, அங்க ஓடுன்னு அர்த்தமுங்க. உள்ள கத்துனா யாருக்குக் கேக்கும்? கிரவுண்டுலயும் எங்களுக்கு அதே பழக்கந்தானுங்க. லெஃப்ட்ல ஆளில்லாம கெடக்குதுன்னு எனக்குத்தான் காட்டுனான். அவன ஒக்கார வெச்சுப்போட்டு, அதே எடத்துல கோல் வாங்குனோமுங்க.”

லேபர் ஆபீசரிடம் ஓடினேன்.

“எழுதிக் குடுத்ததும் நீங்க, இப்ப இல்லைங்கறதும் நீங்க. அந்த ஆர்டர வேற ஆளுக்குப் போட்டாச்சுங்க.”

சேவியர் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். “தப்புப் பண்ணிப்போட்டேன்பா” என்று கத்தினேன். அவன் மெஷினை நிறுத்தவில்லை. காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று காட்டினான். பிறகு கையை வாசல் பக்கம் நீட்டினான்.

இன்றும் நான் யாரையும் லேசில் நம்புவதில்லை. ஆனால் ஒருவனைப் பற்றி எழுதிக் கொடுக்கும் முன், அவன் வேலை செய்யும் இடத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்கிறேன். நீங்களும் நில்லுங்கள்.