கொடுக்க மறுத்த மூலக்கிருமி

ஏழைக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு தடுப்பு மருந்தை நான் தாமதப்படுத்தினேன். மெல்பேர்ன் ஆய்வுக்கூடம் ஒன்றில், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்தை உருவாக்கிய குழுவில் இருந்தேன். அதை மலிவாகத் தயாரிக்க, சென்னைக்கு அருகே ஒரு சிறிய தொழிற்சாலை எங்களிடம் அந்த மருந்துக்கு அடிப்படையான மூலக்கிருமியைக் கேட்டது. கொடுப்பதா என்று முடிவெடுக்கக் கூடிய கூட்டத்தில் இருந்த ஒரே தமிழன் நான். தன் இனத்தவருக்காகப் பேசுகிறான் என்று வெள்ளைக்காரர்கள் நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்தேன். அவர்களுடைய தரத்தை நம்ப முடியாது என்றேன். அந்தத் தொழிற்சாலையை நான் பார்த்ததே இல்லை. கிருமி போகவில்லை.

ஓய்வுபெற்ற பின், சம்பளமில்லாமல் வேலை செய்ய அந்தத் தொழிற்சாலைக்கே போனேன். அதை நடத்தும் அம்மையார், "வேற கிருமி தேடி முதல்லேருந்து ஆரம்பிச்சோம் சார். இப்பதான் மருந்து வெளிய போகுது" என்றார்.

"இவ்வளவு பிந்தினதுக்கு நான்தான் காரணம், அம்மா."

"தெரியும் சார். நம்மாளே வேண்டாம்னுட்டாராமேன்னு அப்பவே இங்க பேச்சு. தரத்தைத்தானே சந்தேகப்பட்டீங்க? நீங்களே சோதிச்சுப் பாருங்க."

பல மாதங்கள் சோதித்தேன். குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்த குழந்தைகளை யாரும் எனக்குக் காட்டவில்லை. ஆனால் மெல்பேர்னுக்குத் திரும்பிய பின், நோபல் பார்க் கிளினிக்கில் என் பேரன் சொட்டு மருந்துக்கு வாய் திறந்தபோது, அவர்கள் எல்லோரும் வாய் திறந்திருப்பதைக் கண்டேன். "அப்பா, பிள்ளையை வடிவாப் பிடியுங்கோ" என்றாள் மகள். அவனை அவளிடமே கொடுத்துவிட்டேன்.