பன்னிரண்டு பேரும் முதலாமவர்

கிழித்த கல்யாணக் கார்டுத் துண்டுகளை விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின. ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் ஒரு பெயர். மேலே இருப்பதை மட்டுமே எடுக்கலாம்; அடியில் கிடப்பவர் காத்திருக்க வேண்டும்.

இருபது வருடம் ஈய எழுத்துக் கோத்த ஸஹாப்தீனின் விரல்கள் அவை. 1997இல் பதுளை அச்சகத்துக்கு லேசர் பிரின்டர் வந்தபோது, கூடவே வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அவர் மட்டுமே திறந்தார். பிரின்டருக்கென்று ஒரு மொழி இருந்தது: போஸ்ட்ஸ்கிரிப்ட். அதில் 'இரண்டு, மூன்று, கூட்டு' என்றுதான் எழுத வேண்டும். இந்த விசித்திரத்தை விளக்கப் புத்தகம் நான்கு பக்கம் எடுத்துக்கொண்டது. வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தே தமிழ் பேசிப் பழகியவருக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை.

முதல் வேலை, ஹாலிஎலப் பக்கத் தோட்டமொன்றின் மாரியம்மன் திருவிழா நோட்டீஸ். உபயகாரர் பன்னிரண்டு பேர். யார் பெயர் முதலில் என்ற சண்டையில் போன வருடம் தேர் பாதி வழியில் நின்றது. மறுபடியும் சண்டை வந்தால் தேருக்கு அனுமதியில்லை என்று தோட்டத்துரை சொல்லிவிட்டார்.

ஸஹாப்தீன் பெயர்களை வரிசையாக எழுதி, கார்டுகளைப் போலவே பிரின்டரின் அடுக்கில் ஏற்றி, மேலிருந்து அச்சிடச் சொன்னார். கடைசியாக ஏறியது முதலில் இறங்கியது. பூமாலை உபயம் பெரியாயி உச்சியில்; கோயில் தலைவர் பொன்னையா அடியில்.

"என்னா நானா இது? நான் பெரியாயிக்குக் கீழயா?" அச்சகத்துக்கு வந்திருந்த பொன்னையா கேட்டார்; ஸஹாப்தீனை எல்லோரும் நானா என்றுதான் அழைப்பார்கள்.

"மெசின் கடைசியா ஏறினவங்களத்தான் மொதல்ல எறக்குது, தலைவர்."

"நம்ம பஸ்ஸு மாதிரி," என்றார் கூட வந்த சின்னக்கருப்பன். "அப்படியே இருக்கட்டும் நானா."

"ஏன் சொல்லமாட்ட? பதினோராவதுல இருந்தவன் ரெண்டாவதுக்கு வந்துட்டேல்ல!"

ஸஹாப்தீன் வரிசையைத் திருப்பினார்; பொன்னையா உச்சிக்கு வந்தார். சின்னக்கருப்பன் எழுந்தார். "அப்பத் தேரையும் நீங்களே இழுத்துக்குங்க."

ஸஹாப்தீன் கார்டு அடுக்கைப் பார்த்தார். மேலிருந்த துண்டை எடுத்து அடியில் செருகினார். மற்ற எல்லோரும் ஒரு படி ஏறினார்கள். புத்தகத்தில் இதற்கு ஒரு சொல் இருந்தது: ரோல், அதாவது சுழற்று. எத்தனை பேரைச் சுழற்றுவது என்று அதற்குச் சொல்ல வேண்டும். பதினொன்று என்று எழுதிவிட்டால், அடியில் கிடப்பவர் கடைசிவரை அசையமாட்டார். பன்னிரண்டு என்று எழுதி, இரண்டு தரம் சரிபார்த்தார்.

"எத்தன நோட்டீஸ் தலைவர்?"

"எரநூத்தி நாப்பது."

"அப்ப ஆளுக்கு இருபதுல மொதல் பேரு."

"எல்லாருமா?"

"எல்லாரும். இருபதுல கடைசியும்."

சின்னக்கருப்பன் உட்கார்ந்தார். "கடைசிய யாரு பாக்கப்போறா?"

ஒவ்வொரு தாளுக்கும் ஒருவர் உச்சிக்கு வந்தார். மாலைக்குள் மேசையில் பன்னிரண்டு கட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரே பெயர் உச்சியில். சின்னக்கருப்பன் தம்முடையதை எண்ணாமலே கக்கத்தில் வைத்துக்கொண்டார். பொன்னையா மற்றவற்றைப் பைக்குள் போட்டார். ஒன்றை மட்டும் மேசையில் விட்டார்.

"பெரியாயிக்கு வாசிக்கவே தெரியாது. அதுக்கு எதுக்கு நானா இருபது?"

"அதுல நீங்க ரெண்டாவது, தலைவர். கடைசி யாருன்னு பாருங்க."

பொன்னையா அடியில் இருந்த பெயரை வாசித்தார்: சின்னக்கருப்பன். கண்ணாடியைச் சரிசெய்து மறுபடியும் வாசித்தார். பிறகு கையை நீட்டினார். ஸஹாப்தீன் பெரியாயியின் கட்டை எடுத்து, நூலை இறுக்கி, அவர் கையில் வைத்தார்.